உளப்பணிச் சுமையும் வகுப்பறைப் பேச்சும்: நேர்முகக் கற்பித்தலும் தொலைவழிக் கற்பித்தலும்

0. முன்னுரை

ஆசிரியரின் பணியை மணிக்கணக்கால் அளப்பது நெடுங்கால வழக்கம். வாரத்திற்கு இத்தனை பாடவேளை, வகுப்பிற்கு இத்தனை மாணவர், திருத்துவதற்கு இத்தனை விடைத்தாள் எனக் கணக்கிட்டுப் பணிச்சுமை வகுக்கப்பெறுகிறது. இக்கணக்கில் அடங்காத சுமை ஒன்றும் உண்டு. பாடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சொன்னது மாணவரைச் சென்று சேர்ந்ததா எனக் கவனித்தல், அடுத்த வினாவை எவரிடம் கேட்பது எனத் தேர்தல், கடைசி வரிசையில் எழும் சலசலப்பு வளருமா அடங்குமா எனக் கணித்தல் ஆகியன ஆசிரியரின் உள்ளத்தில் ஒருங்கே நிகழ்கின்றன. இவற்றிற்குச் செலவாகும் கவனமும் நினைவும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

கொரோனாப் பெருந்தொற்றின்போது 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஆசிரியர் பலர் முன்பயிற்சி ஏதுமின்றித் தொலைவழிக் கற்பித்தலுக்கு மாறினர். தமிழ்நாட்டில், இடையே உயர் வகுப்புகள் சில மாதங்கள் நடைபெற்றதை ஒழித்து நோக்கின், ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புகள் 2021 செப்டம்பர் 1 அன்றும், ஒன்று முதல் எட்டு வரையுள்ளவை 2021 நவம்பர் 1 அன்றும் மீண்டும் தொடங்கின. இடைப்பட்ட காலத்தில் ஆசிரியரிடையே பரவலாகக் கேட்கப்பட்ட முறையீடு ஒன்று உண்டு. வகுப்பறையில் நாள் முழுதும் நின்று பேசுவதைக் காட்டிலும் திரையின் முன் ஒரு மணி நேரம் அமர்ந்து பேசுவது மிகுந்த களைப்பைத் தருகிறது என்பதே அது. நிற்க வேண்டியதில்லை; குரலை உயர்த்த வேண்டியதில்லை; பேருந்தில் நெரிசலில் செல்ல வேண்டியதில்லை. ஆயினும் களைப்பு மிகுந்தது ஏன்?

இவ்வினாவிற்கு உளவியலார் தரும் விடைகள் பல. இக்கட்டுரை மொழியியல் நோக்கில் ஒரு விடையை முன்வைக்கிறது. நேர்முக வகுப்பில் ஆசிரியர் அறிய வேண்டுவனவற்றுள் பெரும்பகுதியை மாணவரின் முகமும் உடலும் அறையும் சொல்லாமலே தெரிவித்துவிடுகின்றன. தொலைவழிக் கற்பித்தலில் அப்பகுதி முழுவதையும் சொல்லாக்கிக் கேட்டுப் பெற வேண்டியுள்ளது. எனவே கூடுதலாக ஏறும் சுமையில் கணிசமான பங்கு மொழிச்சுமையே ஆகும். இதனை விளக்குவதோடு, இச்சுமையை அளக்கும் வினாநிரலைத் தமிழாக்குவதில் எழும் இடர்களைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லும் பொருளும்

1.1 உளவியலிலும் பணிச்சூழலியலிலும் வழங்கும் ஒரு கருத்துக்குத் தமிழில் நிலைபெற்ற கலைச்சொல் இல்லை. ஒரு பணியைச் செய்வதற்கு வேண்டப்படும் கவனம், நினைவு, முடிவெடுப்பு ஆகியவற்றிற்கும், அவற்றை அளிக்க ஒருவரிடம் உள்ள வரம்புடைய ஆற்றலுக்கும் இடையிலான விகிதமே அக்கருத்து. மனித ஆற்றல் வரம்புடையது என்னும் எண்ணத்தை மில்லரின் 1956ஆம் ஆண்டுக் கட்டுரை பரவலாக்கியது. பேட்லியும் ஹிட்சும் 1974இல் செயல்நினைவு என்னும் கோட்பாட்டை வகுத்தனர். கவனம் என்பது பங்கிட்டுச் செலவழிக்கப்படும் ஒரு முதல் போன்றது எனக் கானமன் 1973இல் விரித்துரைத்தார்.

1.2 இக்கருத்தைத் தமிழில் சொல்லப் புகுவோர்க்கு முதலில் தோன்றுவது 'மனச்சுமை' என்பதாகும். சொல்லுக்குச் சொல் நேரானது போலத் தோன்றினும் இது பொருந்தாது. மனச்சுமை என்பது தமிழ் வழக்கில் துயரத்தைக் குறிக்கும். மகளின் திருமணம் தட்டிப்போனவருக்கும், கடன்பட்டவருக்கும் மனச்சுமை உண்டு. நூற்றிருபது விடைத்தாள்களில் ஒரே அளவுகோலைக் கைக்கொள்ள முயலும் ஆசிரியருக்கு இருப்பது மனச்சுமையன்று. 'மனஅழுத்தம்' என்பது நோய்நிலையை நோக்கி ஈர்க்கிறது. 'பணிச்சுமை' என்பது மணிக்கணக்கோடு நின்றுவிடுகிறது. 'அறிவுச் சுமை' என்பதோ கற்றவை மிகுந்து பாரமாயின என்னும் பொருளையும் தரக்கூடும்.

1.3 இக்கட்டுரை 'உளப்பணிச் சுமை' என்னும் தொடரைக் கையாள்கிறது. இதனை உளப்பணி + சுமை எனப் பிரித்தல் வேண்டும். உள்ளம் செய்யும் பணியினால் ஏற்படும் சுமை என்பது பொருள். 'பணி' என்னும் சொல் இடையில் நிற்பதால் சுமைக்குக் காரணம் ஆளின் மனநிலையன்று, செய்யும் வேலை என்பது தெளிவாகிறது. 'மனம்' என்பதற்கு மாறாக 'உளம்' கொள்ளப்பட்டதற்கும் காரணம் உண்டு. உளவியல், உளநூல் முதலிய சொற்களால் 'உளம்' என்பது துறைச்சொல்லின் நிறத்தைப் பெற்றுவிட்டது. 'மனம்' இன்னும் இன்பதுன்பங்களின் இருப்பிடமாகவே வழங்குகிறது.

2. நேர்முக வகுப்பில் உளப்பணிச் சுமை

2.1 நேர்முக வகுப்பு எளிதானது எனக் கருதலாகாது. தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒரு நாளில் ஆயிரம் வரையிலான ஆளிடைப் பரிமாற்றங்களில் ஈடுபடுகிறார் என ஜாக்சன் 1968இல் மதிப்பிட்டார். வகுப்பறைக்கு ஆறு இயல்புகள் உண்டு எனப் பின்னர் டாயில் வகுத்தார். அவை பன்முகத்தன்மை, ஒருங்கே நிகழ்தல், உடனடித்தன்மை, முன்னறிய இயலாமை, பலர் முன் நிகழ்தல், வகுப்பிற்கெனத் தொடர்ந்து வரும் ஒரு வரலாறு ஆகியன. இவ்வாறனுள் எதுவும் சுமையைக் குறைப்பதன்று.

2.2 அவ்வாறாயின் பட்டறிவுடைய ஆசிரியர் இச்சுமையை எவ்வாறு தாங்குகிறார்? ஷிஃப்ரினும் ஷ்னைடரும் 1977இல் தந்த வேறுபாடு இங்கு உதவும். சில செயல்கள் கவனத்தைச் செலவிட்டே செய்யப்படுவன. சில, நீண்ட பயிற்சியால் தாமாகவே நிகழ்வன. மிதிவண்டி பழகுவோன் கைப்பிடியையே நினைக்கிறான், பழகியவன் நினைப்பதில்லை. வகுப்பை நோட்டமிடுதல் ஆசிரியர்க்கு நாளடைவில் இவ்வாறு கைவந்த செயலாகிறது. வகுப்பின் எல்லா மூலைகளிலும் நடப்பதை ஆசிரியர் அறிந்திருத்தலும், அவர் அறிந்திருக்கிறார் என்பதை மாணவர் அறிந்திருத்தலும் நல்ல வகுப்பு நடத்துதலின் அடையாளம் எனக் கூனின் 1970இல் காட்டினார்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்று. தானாக நிகழும் செயல் குறிகளைச் சார்ந்தே நிகழ்கிறது. எழுதுகோல் நிற்பது, புருவம் சுருங்குவது, பக்கத்து நோட்டை எட்டிப் பார்ப்பது ஆகிய குறிகள் கண்ணில் பட்டால்தான் பழகிய கவனம் தூண்டப்படும். குறிகள் மறைந்தால் முப்பது ஆண்டுப் பட்டறிவும் பற்றுக்கோடின்றி நிற்கும். முதிர்ந்த ஆசிரியர் மீண்டும் புதியவராகிறார். தாமாக நிகழ்ந்தவற்றையெல்லாம் நினைந்து நினைந்து செய்ய வேண்டியவராகிறார்.

2.3 வகுப்பறைப் பேச்சின் அடிப்படை அலகினைச் சிங்க்ளேரும் கூல்தார்டும் 1975இல் மூன்று நகர்வுகளாகப் பகுத்தனர். ஆசிரியர் தொடங்குகிறார்; மாணவர் துலங்குகிறார்; ஆசிரியர் அதனை மதிப்பிட்டு முடிக்கிறார். இம்மூன்றும் சொல்லால் நிகழ வேண்டுமென்பதில்லை. மாணவரின் துலங்கல் ஒரு தலையசைப்பாகலாம். ஆசிரியரின் மதிப்பீடு கரும்பலகையில் அடுத்த வரியை எழுதத் தொடங்குவதாகவே அமையலாம். நேர்முக வகுப்பின் சிக்கனம் இதில் உள்ளது.

3. தொலைவழிக் கற்பித்தலில் மாறுவன

கிளார்க்கும் பிரென்னனும் 1991இல் வெளியிட்ட கட்டுரையில், பேசுவோரும் கேட்போரும் 'இது நம் இருவர்க்கும் விளங்கிவிட்டது' என்னும் உடன்பாட்டை இடைவிடாது நிறுவிக்கொண்டே செல்கின்றனர் எனக் காட்டினர். அதனை நிறுவ ஆகும் உழைப்பு ஊடகத்திற்கு ஊடகம் வேறுபடும். ஓரிடத்தில் இருத்தல், ஒருவரையொருவர் காணுதல், கேட்டல், சொல்லும் கணத்திலேயே பெறுதல், இருவரும் ஒரே வேளையில் வெளிப்படுத்த இயலுதல், வரிசை குலையாமை, மீண்டும் பார்க்க இயலுதல், அனுப்புமுன் திருத்த இயலுதல் என எட்டுக் கூறுகளை அவர்கள் சுட்டினர். நேர்முகப் பேச்சில் முதல் ஆறும் உள்ளன. காணொலி வகுப்பில் ஓரிடத்தில் இருத்தல் இல்லை. ஏனையவற்றுள் சில குறைவுபட்டே கிடைக்கின்றன. வாட்சாப் வழிக் கற்பித்தலில் இறுதி இரண்டும் கிடைக்கின்றன; முன்னவற்றுள் பல நீங்குகின்றன. இல்லாத கூறு ஒவ்வொன்றிற்கும் ஈடாக ஆசிரியர் ஏதேனும் ஒன்றைச் செய்தாக வேண்டும். அவற்றுள் மொழி சார்ந்தவற்றைக் கீழே காணலாம்.

3.1 உம் கொட்டுதல்

கதை கேட்கும் குழந்தை 'உம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். தமிழ்க் குடும்பங்கள் நன்கறிந்த இவ்வழக்கத்தை மொழியியலில் பின்னூட்டொலி எனலாம். யிங்வே 1970இல் இதனை ஆய்வுப் பொருளாக்கினார். பேசும் முறையைப் பறிக்காமல், 'கேட்கிறேன், மேலே சொல்லுங்கள்' என உணர்த்துவது இதன் பணி. வகுப்பறையில் நாற்பது பேரும் வாய்விட்டு உம் கொட்டுவதில்லை. கண்ணும் தலையும் கொட்டுகின்றன.

காணொலி வகுப்பில் ஒலிவாங்கிகள் அடைக்கப்பட்டிருக்கும். இணையச் செலவைக் குறைக்கவோ, வீட்டின் நிலையைப் பிறர் காண வேண்டாமெனவோ படமும் பெரும்பாலும் அணைக்கப்பட்டிருக்கும். ஆசிரியர் பெயர்ப்பட்டியலை நோக்கிப் பேசுகிறார். உம் கொட்டுதல் அற்றுப்போகவே, அதனைச் சொல்லால் கேட்டுப் பெற முயல்கிறார்: 'கேக்குதா?', 'தெரியுதா?', 'புரியுதா?', 'எல்லாரும் இருக்கீங்களா?'. இவற்றுள் முதலிரண்டும் கருவி பற்றியவை. மூன்றாவது பாடம் பற்றியது. நான்காவது வருகை பற்றியது. நேர்முக வகுப்பில் இந்நான்கும் ஒரே பார்வையில் அறியப்படுவன. இங்கோ நான்கு வினாக்களாகப் பிரிந்து, நான்கு காத்திருப்புகளைக் கோருகின்றன.

3.2 இடைவெளி

உரையாடலில் ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடைப்பட்ட காலம் மிகக் குறுகியது. 2009இல் வெளிவந்த ஸ்டிவர்ஸ் முதலியோரின் ஆய்வு, பத்து மொழிகளில் வினாவிற்கும் விடைக்கும் இடையிலான சராசரி இடைவெளி ஏறத்தாழ 200 மில்லிநொடி எனக் கண்டது. அப்பத்தனுள் திராவிட மொழி எதுவும் இடம்பெறவில்லை. எனினும் மொழிக்கு மொழி வேறுபாடு சிறிதளவாகவே இருந்தமையால் தமிழும் இதனின்று பெரிதும் விலகாது எனக் கருத இடமுண்டு.

குரல் ஒருவழியாகச் சென்று சேரும் தாமதம் 150 மில்லிநொடிக்குள் அமைவது நன்று எனப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை கூறுகிறது. அந்த நல்ல நிலையையே கொள்வோம். ஆசிரியரின் வினா மாணவரை அடைய 150, மாணவர் விடை தொடங்க 200, விடை திரும்ப 150 எனக் கூட்டினால் ஆசிரியர் காதில் விழும் மௌனம் 500 மில்லிநொடியாகிறது. மாணவர் தயங்கவில்லை, ஆயினும் தயங்கியதாகவே ஆசிரியர்க்குக் கேட்கிறது. ஒலிவாங்கியைத் திறக்கும் நேரமும், சிற்றூர்களில் அலைபேசி இணைப்பின் தடுமாற்றமும் சேரின் மௌனம் மேலும் நீளும்.

மௌனம் நேர்முக வகுப்பில் ஒரு செய்தி. விடை தெரியாமை, அச்சம், சிந்தனை, குறும்பு என அதனை முகக்குறியோடு சேர்த்துப் பிரித்தறியலாம். தொலைவழியில் மௌனத்திற்கு 'இணைப்பு அறுந்தது' என்னும் மற்றொரு பொருளும் சேர்கிறது. பிரித்தறிய உதவும் முகமோ இல்லை. ஒவ்வொரு மௌனத்திலும் ஆசிரியர் ஐந்து பொருள்களுள் ஒன்றைத் தேர வேண்டியுள்ளது. ஆசிரியர்கள் வினாவிற்குப் பின் சராசரி ஒரு நொடியளவே காத்திருக்கின்றனர் என்றும், அதனை மூன்று நொடியாக நீட்டினால் விடைகள் நீள்கின்றன, விடை சொல்லாதோர் குறைகின்றனர் என்றும் மேரி ரோ 1974இல் காட்டினார். பழக்கப்பட்ட அந்த ஒரு நொடியின் ஒரு பகுதியை இப்போது இணைப்பே எடுத்துக்கொள்கிறது.

3.3 கூட்டுவிடை

நம் நாட்டு வகுப்பறைகளில் ஆசிரியர் தொடரை முடிக்காமல் நிறுத்த, மாணவர் ஒருமித்த குரலில் முடிப்பது பெருவழக்கு. விளக்கத்திற்காக இரு தொடர்களை அமைத்துக்கொள்வோம்.

(1) ஆசிரியர்: தண்ணியக் கொதிக்க வச்சா அது ஆவியா...?
மாணவர்: மாறும்.

(2) ஆசிரியர்: ஆவி குளிர்ந்தா மறுபடியும் தண்ணியா மா...?
மாணவர்: ...றும்.

தமிழில் வினைமுற்று தொடரின் இறுதியில் நிற்கும். காலமும் திணை பால் எண் இடங்களும் அதன் ஈற்றிலேயே புலப்படும். எனவே இறுதிச் சொல்லை மாணவர்க்கு விடுவது, அத்தொடரின் உறுதிமொழியையே அவர்களிடம் ஒப்படைப்பதாகும். எண்ணிப் பாராமல் ஒப்பிக்கப் பழக்குகிறது என இம்முறையைக் கண்டிப்போர் உளர். அக்கண்டனத்தில் உண்மை உண்டு. ஆயினும் இதற்கு மற்றொரு பயனும் உண்டு. குரல் ஓங்கி ஒன்றாக எழுந்தால் மேலே செல்லலாம். மெலிந்தும் முன்பின்னாகவும் எழுந்தால் மீண்டும் விளக்க வேண்டும். இரண்டு நொடியில், எவரையும் நாணச் செய்யாமல், வகுப்பு முழுவதையும் அளந்தறியும் கருவி இது.

தொலைவழியில் இக்கருவி உடைகிறது. ஒவ்வொரு வீட்டின் தாமதமும் வேறாதலின் குரல்கள் ஒன்றாக வந்து சேர்வதில்லை. பல குரல்கள் ஒருங்கே எழும்போது ஒன்றை முன்னிறுத்தி ஏனையவற்றை அடக்கும் போக்கு காணொலி மென்பொருள்களில் உண்டு. ஆகவே ஆசிரியர் பெயர் சொல்லி ஒவ்வொருவராகக் கேட்க நேர்கிறது. எவரைக் கேட்டோம், எவரைக் கேட்கவில்லை என்னும் பட்டியலைச் செயல்நினைவில் ஏந்திக்கொண்டே பாடத்தையும் நடத்த வேண்டியுள்ளது.

3.4 பிழை நாவிலா, இணைப்பிலா?

மொழி ஆசிரியர்க்கு இச்சிக்கல் மேலும் ஒரு படி கூடுதலாகும். தமிழை இரண்டாம் மொழியாகக் கற்போர்க்கு 'பழம்', 'பள்ளம்' ஆகியவற்றில் வரும் ழகர ளகரங்களையும், 'மனம்', 'மணம்' ஆகியவற்றின் னகர ணகரங்களையும் வேறுபடுத்திப் பழக்கும் ஆசிரியரை எண்ணிப் பார்க்கலாம். நேர்முக வகுப்பில் பிழையான ஒலி காதில் விழுந்தால் அது கற்பவரின் நாவில் பிறந்தது என்பதில் ஐயமில்லை. தொலைவழியில் அவ்வொலி இணைப்பில் சிதைந்ததாகவும் இருக்கலாம். திருத்துமுன் மீண்டும் சொல்லச் சொல்ல வேண்டும். மீண்டும் சொன்னதும் சிதையலாம். சரியாகச் சொன்னவரைத் திருத்திவிடும் அச்சமும், தவறாகச் சொன்னவரைப் பாராட்டிவிடும் அச்சமும் ஒருங்கே நிற்கின்றன. தம் செவியையே நம்ப இயலாத இந்நிலை, செவியால் வாழும் மொழி ஆசிரியர்க்குப் பெருஞ்சுமையாகும்.

3.5 தன் முகம்

காணொலிக் கூட்டங்கள் களைப்பூட்டுவதற்கான காரணங்களைப் பெய்லன்சன் 2021இல் நான்காக வகுத்தார். அண்மையில் உற்று நோக்கும் முகங்கள், உடற்குறிகளை அனுப்பவும் பெறவும் ஆகும் கூடுதல் முயற்சி, தன் முகத்தையே இடைவிடாது காணுதல், இருந்த இடத்திலேயே கட்டுண்டிருத்தல் என்பன அவை. கரும்பலகைக்கும் முதல் வரிசைக்கும் இடையே உலவிக்கொண்டே பேசிப் பழகிய ஆசிரியர்க்கு நான்காவது காரணம் எளிதில் விளங்கும்.

3.6 எழுத்துவழி, பதிவுவழி

இந்தியச் சூழலில் தொலைவழிக் கற்பித்தல் என்றால் காணொலி வகுப்பு மட்டுமே என எண்ணுவது பிழை. ஊர்ப்புறக் குழந்தைகளின் கல்வி நிலை பற்றிய 'ஏசர்' அறிக்கையின்படி, பள்ளியில் சேர்ந்த குழந்தைகளின் வீடுகளில் திறன்பேசி உடையவை 2018இல் 36.5 விழுக்காடு; 2020இல் 61.8 விழுக்காடு. அவ்வாண்டு ஆய்வு நிகழ்ந்த வாரத்தில் பள்ளியிலிருந்து கற்றல் பொருள் பெற்றோர் மூன்றில் ஒரு பங்கினரே. அப்பொருளைப் பெறப் பெரிதும் பயன்பட்டது வாட்சாப். நாற்பது மாணவரின் நோட்டுகளை இருக்கைகளினூடே நடந்து ஒரு சுற்றில் நோக்கிவிடும் ஆசிரியர், இங்கு நாற்பது நிழற்படங்களைத் தனித்தனியே திறந்து, பெரிதாக்கி, படித்து, ஒவ்வொன்றிற்கும் ஒரு தொடர் எழுதுகிறார். தந்தை வேலைக்கு எடுத்துச் சென்ற அலைபேசி வீடு திரும்பிய பின்னரே மாணவரின் விடை வருமாதலின் பாடவேளை இரவு வரை நீள்கிறது. சுமையின் அளவு மட்டுமன்றி அதன் எல்லையும் மாறிவிடுகிறது.

2019 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சி போன்றவற்றிற்காகப் பாடத்தைப் பதிவு செய்யும் ஆசிரியரின் நிலை வேறு. அவர்க்கு எதிரே கேட்போரே இல்லை. நேர்முக வகுப்பில் ஆசிரியர் பாடநூலின் எழுத்து வழக்கைப் படித்து, முகங்கள் வாடக் கண்டதும் பேச்சு வழக்கில் விரிக்கிறார். விளங்கியதும் மீண்டும் எழுத்து வழக்கிற்கு ஏறுகிறார். இருவழக்கிடையே நிகழும் இவ்வேற்ற இறக்கத்தை நடத்துவது மாணவரின் முகமே. பதிவு அறையில் எங்கே இறங்குவது என்பதை முன்கூட்டியே கற்பனையால் தீர்மானிக்க வேண்டும். வட்டாரம் அறியாத, வகுப்பின் தரம் அறியாத, குறுக்கிட்டுக் கேட்கவியலாத ஒருவர்க்காகச் சொற்களைத் தேரும் இவ்வுழைப்பை மொழிபெயர்ப்பாளர் நன்கறிவர். அவர்தம் அன்றாட நிலை அதுவே. வேறுபாடு யாதெனில், மொழிபெயர்ப்பாளர் திருத்திக்கொள்ள நேரம் உண்டு. ஆசிரியர்க்கு அது அரிது.

3.7 குறைவன

தொலைவழியில் சில சுமைகள் குறைகின்றன என்பதையும் கூறுதல் முறை. ஒழுங்கை நிலைநாட்டும் பணி, இரைச்சலுக்கு மேல் குரலெழுப்பும் பணி ஆகியன பெரிதும் நீங்குகின்றன. பதிவு செய்த பாடத்தை மாணவர் மீண்டும் காணலாமாதலின் ஒன்றையே பன்முறை சொல்லும் தேவை குறையலாம். ஆகவே இருமுறைகளின் மொத்தச் சுமையை ஓர் எண்ணாக்கி ஒப்பிட்டால் வேறுபாடு சிறிதாகவே தோன்றுதலும் கூடும். எண் ஒன்றாயினும் உள்ளீடு வேறு. அவ்வுள்ளீட்டைக் காட்டும் அளவுகோலே நமக்கு வேண்டுவது.

4. அளவிடுதலும் மொழிபெயர்ப்பும்

4.1 உளப்பணிச் சுமையை உடற்குறிகளாலும் அளப்பர். முயற்சி மிகும்போது கண்மணி விரிவது 1960களிலேயே ஆய்வுகளால் காட்டப்பட்டது. இதயத் துடிப்பின் ஏற்றத்தாழ்வும் மூளையின் மின்னலைகளும் பயன்படுத்தப்படுகின்றன. வகுப்பறையில் எளிதில் கையாளத்தக்கது வினாநிரல் முறையே. அவற்றுள் புகழ்பெற்றது நாசா பணிச்சுமைக் குறியீடு. ஹார்ட், ஸ்டேவ்லாண்டு ஆகிய இருவரும் 1988இல் இதனை வெளியிட்டனர். உள்ளம், உடல், நேரம் ஆகியவற்றின் மீது பணி விதிக்கும் தேவைகள் மூன்றும், செய்து முடித்ததன் நிறைவு, செலவிட்ட உழைப்பு, எரிச்சல் ஆகிய மூன்றும் சேர்ந்து ஆறு கூறுகள் இதில் உள்ளன. ஒவ்வொன்றும் 0 முதல் 100 வரை ஐந்தைந்தாக அளக்கப்படும். ஆறனையும் இரண்டிரண்டாக இணைத்தால் வரும் 15 இணைகளில் எது முதன்மை எனக் கேட்டு நிறை வகுப்பதும் உண்டு. உள்ளீட்டைப் பிரித்துக் காட்டுவதால் நம் தேவைக்கு இது ஏற்றதாகும்.

4.2 இதனைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் இடர்களைக் காண்போம்.

(அ) முதல் மூன்று கூறுகளின் தலைச்சொல்லை 'தேவை' என்றால் 'மனத்தேவை' என்பது மனத்திற்கு வேண்டிய ஒன்றெனப் பொருள்படும். 'கோரிக்கை' என்றால் சங்கத்தின் விண்ணப்பமாகிவிடும். பெயர்ச்சொல்லை விடுத்து வினையைக் கொள்வதே தீர்வு: 'இப்பாடத்தை நடத்தும்போது எவ்வளவு சிந்திக்கவும் நினைவில் வைக்கவும் கவனிக்கவும் வேண்டியிருந்தது?'. 'வேண்டியிருந்தது' என்னும் துணைவினை, தேவையை ஆளிடமிருந்து நீக்கிப் பணியின் மேல் ஏற்றுகிறது.

(ஆ) உழைப்பைக் கேட்கும் வினாவில் 'முயற்சி' என்னும் சொல்லை இடுதல் ஆகாது. தமிழில் முயற்சி ஓர் அறப்பண்பு. 'நீங்கள் எவ்வளவு முயற்சி செய்தீர்கள்?' என்னும் வினாவிற்குக் குறைவாக விடையளிக்க எந்த ஆசிரியரும் தயங்குவார். மதிப்பெண்கள் உயர்ந்தே அமையக்கூடும். 'எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது?' என்பது புகழும் பழியுமின்றி நிற்கும்.

(இ) நிறைவு பற்றிய வினாவிற்குச் 'செயல்திறன்' என்னும் சொல் ஆய்வாளரின் வருகையை நினைவூட்டும். விடை ஆய்வுக்காகவன்றி அலுவலகத்திற்காக எழுதப்படும். 'நினைத்தபடி நடத்தி முடித்தோம் என்னும் நிறைவு எவ்வளவு?' எனக் கேட்கலாம். மூலத்தில் இவ்வொரு கூறு மட்டும் எதிர்த்திசையில் அமைந்துள்ளது. நிறைவு மிகுந்தால் எண் குறையும். மொழிபெயர்ப்பில் முனைகளின் பெயர்களைத் தெளிவாக எழுதாவிடின் விடைகள் தலைகீழாகும்.

(ஈ) ஆறாவது கூற்றிற்கு 'விரக்தி' என்பது மிகை. அது பற்றறுத்த நிலையைக் குறிக்கும். 'எரிச்சலும் சோர்வும்' என இரு சொற்களால் கூறுவதே அன்றாட அளவிற்குப் பொருந்தும்.

4.3 இத்தகைய பிழைகளைப் பின்மொழிபெயர்ப்பு வெளிக்கொணரும் என எண்ணப்படலாம். பிரிஸ்லின் 1970இல் முறைப்படுத்திய அந்நெறியில், தமிழாக்கத்தை வேறொருவர் மீண்டும் மூலமொழியில் பெயர்ப்பார். இரு வடிவங்களும் ஒத்தால் தமிழாக்கம் சரி எனக் கொள்ளப்படும். 'மனச்சுமை', 'முயற்சி', 'செயல்திறன்' ஆகிய மூன்றும் இச்சோதனையில் பழுதின்றித் தேறும். அகராதியில் நேர்ச்சொல் இருப்பதே அதற்குக் காரணம். பிழை அகராதிப் பொருளில் இல்லை, வழக்கில் உள்ளது. எனவே வினாநிரலை இறுதியாக்குமுன் ஆசிரியர் சிலரிடம் அளித்து, 'இவ்வினாவை எவ்வாறு புரிந்துகொண்டீர்கள், உங்கள் சொற்களில் கூறுங்கள்' எனக் கேட்டறிதல் இன்றியமையாதது.

இது சொல்லாய்வு மட்டுமன்று. 'மனச்சுமை மிகுதி' என அறிக்கை வருமாயின் ஆசிரியர்க்கு ஆறுதலும் தியானப் பயிற்சியும் பரிந்துரைக்கப்படும். 'உளப்பணிச் சுமை மிகுதி' என வருமாயின் வகுப்பின் அளவைக் குறைத்தல், பாடவேளையை மாற்றுதல், உதவியாளரை அமர்த்துதல் ஆகியன பற்றிப் பேச வேண்டிவரும். முன்னது குறையை ஆளிடத்தில் காண்கிறது. பின்னது பணியின் அமைப்பில் காண்கிறது. ஒரு சொல்லின் தேர்வு ஆசிரியரின் கோரிக்கையை நோயாகவும் மாற்றக்கூடும், வழக்காகவும் நிறுத்தக்கூடும்.

5. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். நேர்முகக் கற்பித்தலில் சுமை மிகுதியாயினும் பட்டறிவால் அதில் பெரும்பகுதி தானாக நிகழும் செயலாகிவிடுகிறது. தொலைவழிக் கற்பித்தல் அச்செயல் சார்ந்து நின்ற குறிகளை நீக்குகிறது. நீங்கியவற்றை ஆசிரியர் சொல்லால் ஈடுசெய்கிறார். உம் கொட்டுதல், இடைவெளி, கூட்டுவிடை, ஒலித்திருத்தம், இருவழக்கிடை மாற்றம் ஆகிய ஐந்திலும் இதனைக் காணலாம்.

பள்ளிகள் மீண்டும் திறந்து ஆண்டுகள் சில கடந்தன. ஆயினும் மழை விடுமுறைகளிலும் தொலைநிலைக் கல்வியிலும் ஆசிரியர் பயிற்சிகளிலும் தொலைவழிக் கற்பித்தல் நிலைத்துவிட்டது. ஆதலின் ஒரு மணி நேரத் தொலைவழி வகுப்பை ஒரு மணி நேர நேர்முக வகுப்பிற்கு நிகராகக் கணக்கிடும் வழக்கம் மறுஆய்வுக்குரியது. அதற்குமுன் மொழியியலார் ஆற்ற வேண்டிய பணிகள் இரண்டு உள்ளன. தமிழ் வகுப்பறைப் பேச்சில் உம் கொட்டுதல், மௌனம், கூட்டுவிடை ஆகியவற்றின் கால அளவுகளையும் பணிகளையும் ஒலிப்பதிவுகளின் துணைகொண்டு விளக்குதல் ஒன்று. உளப்பணிச் சுமையைக் கேட்கும் வினாக்களை ஆசிரியரின் நடைமுறைத் தமிழில் அமைத்துச் சோதித்தல் மற்றொன்று. ஆசிரியர் தம் களைப்பைச் சொல்ல நம்மிடம் சரியான சொல் இல்லாதவரை அக்களைப்பு எந்தக் கணக்கிலும் ஏறாது.